தெருப்பாவும் ஆனைப்பார்க் கிழவனும்

காஞ்சிபுரத்தில் கால் வைத்த அரைமணி நேரத்துக்குள் ஒரு தெரு முழுக்க என்னைத் திட்டும்படி செய்துகொண்டேன். அது எப்படி என்று சொல்வதற்கு முன், கடற்கரையில் பிறந்து வளர்ந்த நான் கடலே இல்லாத அந்த ஊருக்கு எதற்காகப் போனேன் என்று சொல்லிவிடுகிறேன்.

நான் திருகோணமலைக்காரன். அறுபதுகளின் கடைசியில் என்னிடம் ஒரு படகு இருந்தது. அதில் மீன் பிடிக்கவும் போவேன். முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்கடியில் போய் வேடிக்கை பார்க்கும் வெள்ளைக்காரர்களையும் ஏற்றிக்கொண்டு போவேன். அவர்களோடு போய்ப் போய் நானும் அந்தப் பழக்கத்தைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் கரைக்குச் சற்றுத் தள்ளி ஆனைப்பார் என்று ஒரு பவளப் பார், கடலுக்கடியில் பவளப்பாறைத் திட்டு, உண்டு. அதன் பொந்தில் ஒரு களவாய் மீன் குடியிருந்தது. ஆள் நீளம், உடம்பெல்லாம் பழுப்புப் புள்ளி, கோபித்துக்கொண்டவர் போலத் தடித்த உதடு. நாங்கள் வைத்த பேர் கிழவன்.

வருஷம் தவறாமல் வரும் ஜெர்மன் டாக்டர் ஒருவர், "உன்னைவிட அவனுக்கு வயது கூட" என்றார். இந்த வகை மீன் மெதுவாக வளரும், நெடுங்காலம் இருக்கும், ஆளைக் கண்டால் ஓடாது. கிட்டே வந்து நின்று பார்க்கும். அதுதான் அதற்கு வினை. ஈட்டித் துப்பாக்கியோடு வந்தவர்கள் பக்கத்துப் பார்களில் இருந்த இவன் இனத்தாரையெல்லாம் சுட்டு, பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு, மீனைக் கரையில் எறிந்துவிட்டுப் போய்விட்டார்கள். மிச்சம் இவன் ஒருவன்தான். வேறு சில நாடுகளில் கடலில் ஒரு துண்டை ஒதுக்கி, இங்கே வலையும் கூடாது ஈட்டியும் கூடாது, கண்ணால் பார்த்துவிட்டுப் போங்கள் என்று வைத்திருப்பதாக டாக்டர் சொன்னார். எனக்கு அது ஒரேயடியாகப் பிடித்துப்போயிற்று. ஆனைப்பாரையும் அப்படி விட்டுவைக்கலாமே என்று ஊரில் பேச்செடுத்தேன்.

பேச்செடுத்த நேரம் சரியில்லை. என் தங்கை தவமணிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளையின் தகப்பனார் எங்கள் கரையில் நாலைந்து படகுக்குச் சொந்தக்காரர். எல்லோரும் அவரைச் சம்மாட்டியார் என்றே கூப்பிடுவோம். அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"பாத்துக்கொண்டு இருக்கிறதுக்கோ தம்பி கடவுள் மீனைப் படைச்சவர்? நாலாம் சடங்கு விருந்துக்கு உன்ர கிழவன்தான் கறி. வேற ஆரும் வேண்டாம், நானே போய்க் குத்திக்கொண்டு வாறன்."

எங்கள் பக்கத்தில் கல்யாணத்தன்று மரக்கறிச் சாப்பாடு. நாலாம் நாள்தான் மீனும் இறைச்சியும். பெண்ணைக் கொடுக்கிற வீட்டுக்காரன் சம்பந்தியிடம் என்னத்தை எதிர்த்துப் பேசுவது? வாயை மூடிக்கொண்டேன். கூறைச் சேலை மாப்பிள்ளை வீட்டுப் பொறுப்பு. அது காஞ்சிபுரத்துச் சேலையாகத்தான் இருக்க வேண்டும், முந்தானை நிறைய மாங்காய் இருக்க வேண்டும் என்பது சம்மாட்டியார் மனைவியின் உத்தரவு. மெட்ராஸில் இருந்த அவர்களுடைய உறவுக்காரர் ஒரு நெசவாளரிடம் முன்பே சொல்லி வைத்திருந்தார். போய் வாங்கி வரக்கூடிய ஆள் நான் என்று முடிவாயிற்று. கிழவனின் சாவுக்கு நாள் குறித்த அந்தக் கல்யாணத்துக்கே சேலை வாங்கப் புறப்பட்டேன். பெட்டியில் இரண்டு வேட்டி, நாலு சட்டை, டாக்டர் கொடுத்த நீர்முகக் கண்ணாடி. ரப்பர் விளிம்பு வைத்து, கண்ணையும் மூக்கையும் மூடிக்கொள்ளும் கண்ணாடி அது. வீட்டில் வைத்துவிட்டு வர மனம் வரவில்லை.

முதல் நாள். மெட்ராஸில் ஏறிய பஸ் வழியில் இரண்டு முறை படுத்துவிட்டது. "எல்லாரும் எறங்கித் தள்ளுங்கபா, ஜல்தி ஜல்தி!" என்று கண்டக்டர் உத்தரவு போட, பட்டு வேட்டிக்காரரும் கோழிக்கூடைக்காரரும் நானும் ஒன்றாகத் தோள் கொடுத்தோம். தள்ளிக்கொண்டே பக்கத்தில் இருந்தவர் என் பேச்சைக் கேட்டுவிட்டு, "மலையாளமா நீங்க?" என்றார். அன்றைக்கு அந்தக் கேள்வியைக் கேட்டவர்களில் அவர் மூன்றாவது.

ஊருக்குள் ஜட்கா பிடித்தேன். பிள்ளையார்பாளையத்தில் ஒரு தெருமுனையில் வண்டிக்காரர் குதிரையை நிறுத்திவிட்டார். "இதுக்கு மேல வண்டி போவாதுபா. பாவு போட்டுக்கினு இருக்காங்க." காலை வெயில் ஏறுகிற நேரம். தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, இடுப்பு உயரத்துக்கு, மூங்கில் கவைகளின் மேல் சிவப்பு நூல் பாய்போல விரிந்து கிடந்தது. தறியில் ஏற்றுவதற்கு முன் கஞ்சி தடவிக் காயவிடும் அந்த நெடுநூல்தான் பாவு என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். எனக்குத் தெரிந்தவரை நீளமாக விரித்துக் காயப்போடுவது வலைதான். எங்கள் ஊரில் காயும் வலை குறுக்கே இருந்தால் ஒரு கையால் தூக்கிவிட்டுக் குனிந்து போவோம். நான் செல்ல வேண்டிய வீடு எதிர்ப்பக்கம். ஒரு கையில் பெட்டி. இன்னொரு கையால் தூக்கினேன்.

நூல் கஞ்சி ஈரத்தில் விரலோடு ஒட்டிக்கொண்டது. இழுத்தேன். பட் பட்டென்று அறுந்தது.

"யோவ்! கைய எட்றா!" "கண்ணு இன்னா பொடனிலயா இருக்குது?" "எங்கேந்துபா வந்துக்கிறான் இவன்?" இரண்டு பக்கத்து வீடுகளிலிருந்தும் ஆணும் பெண்ணும் ஓடி வந்தார்கள். எல்லோரிலும் பெரிய குரலில் கத்தியவர் வெற்றுடம்போடு கையில் கஞ்சி தடவும் தூரிகையை வைத்திருந்த ஒரு மெலிந்த மனிதர். அவரிடம்தான் வேறு வழியில்லாமல் மெட்ராஸ் உறவுக்காரர் கொடுத்த கடிதத்தை நீட்டி, நெசவுக்கார ஏகாம்பரம் வீடு எது என்று கேட்டேன். அவர் படித்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சிலோன்லேந்து வர்ற ஆளு நீங்கதானா? நான்தான் ஏகாம்பரம். நல்லா வந்தீங்க போங்க."

அவருடைய மனைவி மரகதம் நடுவில் புகுந்தார். "சண்டைய அப்பால வெச்சுக்கலாம். அவரு மூஞ்சியப் பாருங்க, நாஷ்டாகூட ஆவல போலக்குது. உள்ள வாங்கண்ணா." இட்லியும் வேர்க்கடலைச் சட்னியும் வைத்தார். தேங்காய் இல்லாமல் ஒரு சட்னி இவ்வளவு ருசியாக இருக்கும் என்று எனக்கு முப்பத்துநாலு வயதுவரை தெரியாது. வெட்கத்தோடு ஏழு இட்லி சாப்பிட்டேன். எனக்கான சேலை தறியில்தான் இருந்தது. உடல் முடிந்துவிட்டது, முந்தி பாக்கி. நாலைந்து நாள் ஆகும், அதுவரை இங்கேயே தங்குங்கள் என்றார்கள். நூலை அறுத்தவனுக்குப் பாயும் தலையணையும் கொடுத்த வீடு அது.

இரண்டாம் நாள். அறுந்த இழைகளைச் சேர்க்க உட்கார்ந்த ஏகாம்பரத்திடம், கிழிந்த வலையைப் பொத்திப் பழகிய கை என்னுடையது, நானும் சேர்கிறேன் என்றேன். முதல் இழையில் அழகாக ஒரு முடிச்சுப் போட்டேன். அவர் பதறிவிட்டார். "முடிச்சு போடாதீங்க! பொடவைல அது தெரியும். இப்பிடிப் பாருங்க." கட்டைவிரலில் துளி சாம்பலைத் தொட்டு, இரண்டு முனைகளையும் வைத்து ஒரு உருட்டு உருட்டினார். எங்கே சேர்ந்தது என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியவில்லை. நானும் உருட்டினேன். பத்தாவது இழையில்தான் "ம், போவும்" என்று ஒரு சான்றிதழ் கிடைத்தது.

அன்று காலை தெருவில் வேறொருவருடைய பாவு விரிந்திருந்தது. வேலையோடு வேலையாக நான் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூட்டை ஏற்றிய லாரி ஒன்று வந்தது. பாவைப் பார்த்தது, பின்னாலேயே போய்விட்டது. ஒலிபெருக்கி கட்டிய கட்சி ஊர்வலம் ஒன்று கொடியும் கோஷமுமாக வந்தது. தெருமுனையில் கோஷம் நின்றது. கொடியைச் சாய்த்துக்கொண்டு அடுத்த தெருவுக்குத் திரும்பியது. அங்கே போய்த்தான் மறுபடி கோஷம் ஆரம்பித்தது. அறிவிப்புப் பலகை இல்லை. கயிறு இல்லை. கம்பு வைத்துக்கொண்டு யாரும் நிற்கவும் இல்லை.

"இதுக்கு ஒரு காவல் கிடையாதோ?" என்று கேட்டேன்.

"காவலா? இன்னாத்துக்கு?" என்றார் ஏகாம்பரம். "இன்னிக்கு அவன் பாவு, நாளிக்கு என் பாவு. யாரு வந்து மிதிப்பா? உங்கள மாதிரி சிலோன்லேந்து வந்தாத்தான் உண்டு."

சிரித்தேன். இந்தத் தெருவை அப்படியே சுருட்டி எங்கள் கடலுக்குக் கொண்டுபோக முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று தோன்றியது. கிழவனின் கதையை அவர்கள் இருவருக்கும் அப்போதுதான் சொன்னேன். மரகதம் கை வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார். "ஓடக்கூடத் தெரியாத ஜீவனாண்ணா அது? ஐயோ பாவம்." ஏகாம்பரம் மட்டும், "அம்மாம் பெரிய மீனு இருக்குதா? சும்மா சொல்லாதீங்க" என்றார். அவர் கடலையே பார்த்ததில்லை. மெட்ராஸுக்குப் போன இரண்டு முறையும் சேலையைக் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டாராம்.

மூன்றாம் நாள். "பெரிய மீனு நானும் காட்டறேன் வாங்க" என்று சைக்கிளில் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். திருப்புட்குழிப் பக்கம் ஒரு சிறிய ஊர், அங்கே ஒரு கோயில் குளம். பாதி வழியில் டியூப் வெடித்தது. அதற்கு என் எடைதான் காரணம் என்றார். ஏழு இட்லியை நினைத்து நான் மறுக்கவில்லை. மிச்ச தூரம் இரண்டு பேரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வயல் வரப்போரம் நடந்தோம்.

குளத்தின் படியில் பொரியைத் தூவினால் தண்ணீர் கொதித்தது. கெண்டையும் கட்லாவும் முதுகு காட்டின. அவற்றில் சில நான் குளத்தில் பார்க்கலாம் என்று நினைத்தே இராத அளவு பெரியவை. மீன்காரன் புத்தி போகுமா? ஒவ்வொன்றையும் கண்ணாலேயே தராசில் நிறுத்தினேன். படியில் பொரி விற்ற அம்மாளிடம், "இதை ஒருத்தரும் பிடிக்கிறதில்லையோ?" என்று கேட்டேன். சாமி மீன், பாவம் வரும் என்பார் என்று எதிர்பார்த்தேன்.

"புடிச்சு தின்னுட்டா என் பொரிய எவன் வாங்குவான்?" என்றார் அவர்.

நான் படியிலேயே உட்கார்ந்து சிரித்துவிட்டேன். ஆனைப்பாரைப் பற்றிப் பேச்செடுத்தபோது எங்கள் ஊராருக்கு நான் விளக்கோ விளக்கென்று விளக்கிய சங்கதி இது. உயிரோடு இருக்கும் மீன் வருஷா வருஷம் ஆட்களைக் கூட்டி வரும், கறியானால் ஒரு மத்தியானத்தோடு சரி. இந்த அம்மாள் அதை ஒரு கைப் பொரி அளந்துகொண்டே சொல்லிவிட்டார்.

பெட்டியிலிருந்து எடுத்து வந்திருந்த நீர்முகக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசிப் படியில் குப்புறப் படுத்தேன். முகத்தைத் தண்ணீரில் வைத்தேன். பச்சைத் தண்ணீர், ஆனாலும் முழ நீளத்துக்குத் தெரிந்தது. தலையைத் தூக்கினால் என்னைச் சுற்றிக் கூட்டம். "இன்னா வேண்டுதல்பா இது?" என்று ஒருவர் பயபக்தியோடு கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் ஏகாம்பரம் கண்ணாடியைப் பிடுங்கி மாட்டிக்கொண்டார்.

அவர் படுத்தார், முகத்தை வைத்தார், உடனே இருமிக்கொண்டு எழுந்தார். மூச்சைப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தேன். மறுபடி படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை. நான் பயந்துபோய் முதுகைத் தட்டினேன். வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்து, மூக்கில் தண்ணீர் ஒழுக, "என்னயே பாக்குதுங்க" என்றார். "மேலேந்து பொரி போட்டா முதுகுதான் தெரிது. இத்தினி வருசமா முதுகத்தான் பாத்துக்கினு இருந்தேன். உள்ள அதுக்குக் கண்ணு இருக்குது. யார்றா நீன்னு கேக்கறாப்பல பாக்குது."  திரும்பும் வழியில் பஞ்சர் ஒட்டும் கடையில், "உங்க கெழவரும் இப்பிடித்தான் பாப்பாரா?" என்று கேட்டார். ஓம் என்றேன்.

நாலாம் நாள். காலையிலேயே என்னை வீட்டை விட்டுத் துரத்தினார்கள். "ஊருக்கு வந்துட்டு கோயில் பாக்காம தறிக்குழியவே பாத்துக்கினு இருந்தா எப்பிடி? சின்ன காஞ்சிபுரம் போயிட்டு வாங்க" என்றார் ஏகாம்பரம். போனேன். ஒரே கல்லில் செதுக்கிய சங்கிலி தொங்குவதைக் கழுத்து வலிக்கும்வரை பார்த்தேன். நம் ஆட்கள் மரத்தில் ஒரு கொக்கி செய்தால் அது மூன்று மாதத்தில் உடைகிறது. மிளகும் சுக்கும் சீரகமும் போட்டு வேகவைத்த கோயில் இட்லி கிடைத்தது. கல் போலக் கையில் கனத்தது, வாயில் வைத்தால் காரமும் வாசனையும் மூக்குவரை ஏறியது. ஒரு ஊருக்குள் இரண்டு விதமான இட்லி, இரண்டுமே உலகத்தில் முதல் தரம். மாலையில் திரும்பியபோது மரகதம் எனக்காக ஏரி விரால் வாங்கிக் குழம்பு வைத்திருந்தார். கடல் மீனோடு அதை ஒப்பிட மாட்டேன். ஆனால் நாலு நாள் மீன் காணாத நாக்கு அழாத குறை.

ஐந்தாம் நாள் சேலையைத் தறியிலிருந்து அறுத்து விரித்தார்கள். அரக்குச் சிவப்பு உடல், கிளிப்பச்சைக் கரை. பார்த்தவுடன் தவமணியின் முகம் நினைவுக்கு வந்து கண் கலங்கியது. பிறகு முந்தியைப் பார்த்தேன். வரிசை வரிசையாக ஜரிகை மாங்காய். நடுவில், நாலு மாங்காய் இருக்க வேண்டிய இடத்தில், ஒரு வட்டம். வட்டத்துக்குள் ஒரு மீன்.

என் கோபம் கெட்ட கோபம். "ஆரைக் கேட்டு இதைப் போட்டீர்கள்? மாங்காய் எண்டு சொல்லியெல்லோ விட்டவை! அந்த மனுசி என்னைக் கிழிச்சுத் தோரணம் கட்டிவிடும்!" என்று கத்தினேன். முதல் நாள் வாங்கிய திட்டைத் திருப்பிக் கொடுத்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஏகாம்பரம் கோபப்படவில்லை. "கண்ணாடி வழியா வட்டமாத்தான தெரிஞ்சுது, அதான் வட்டம். ரெண்டு நாளா கையாலயே இழை கோத்துப் போட்டேன். கால்ல படக்கூடாதுன்னு கரைல போடல, தோள்ல வர்றாப்பல போட்டேன். பொண்ணு தோள்ல போட்டுக்கினு வர்ற மீன யாருங்க கறி வெப்பாங்க?"

"மாங்காய் போட்ட சேலை கட்டினவள் மாங்காய் தின்னுறதில்லையோ?"

அவர் முந்தியைக் கையில் எடுத்துப் பார்த்தார். மரகதம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அட ஆமாங்க" என்றார் ஏகாம்பரம் கடைசியில். "அத்த நான் யோசிக்கல. ஆனா இப்ப எடுக்க முடியாதே. நூலோட நூலாப் போயிட்சி."

சேலையை மடித்துத் தந்தபோது கிட்டே வைத்துப் பார்த்தேன். அது களவாய் அல்ல. அவர் பார்த்த குளத்துக் கெண்டைதான். செதில் செதிலாக, மெல்லிய உதட்டோடு. ஆனால் கண்ணில் ஒரு கறுப்பு இழையும் ஒரு சிவப்பு இழையும் வைத்து என்னவோ செய்திருந்தார். அது என்னைப் பார்த்தது. நன்றி என்று சொல்லாமலே புறப்பட்டு வந்துவிட்டேன். அதை இன்றுவரை நினைத்து வெட்கப்படுகிறேன்.

கல்யாணம் நடந்தது. தவமணி கூறை உடுத்து வந்தபோது பந்தலே திரும்பிப் பார்த்தது. சம்மாட்டியாரின் மனைவி மட்டும் முந்தானையைத் தூக்கிப் பிடித்து, "மாங்காய்த் தோட்டத்துக்குள்ள மீன் எப்பிடி வந்தது?" என்றார். நான் ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். பெண்கள் தங்களுக்குள் பார்த்துக்கொண்டார்கள். சம்மாட்டியார் குனிந்து பார்த்தார். மீன் விஷயத்தில் அவரை ஏமாற்ற முடியாது. "இது குளத்து மீன். பாரில இருக்கிறவன் வேற, இது வேற" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

கல்யாணத்துக்கு மூன்றாம் நாள் காலை அவர் ஈட்டியைத் தீட்டிக்கொண்டு என் படகில் ஏறினார். கிழவனின் பொந்து எனக்குத்தானே தெரியும். தவமணி கரைவரை வந்தாள். அவளும் என் தங்கைதானே, வாய் சும்மா இருக்காது. "மாமா, ஒருக்கால் அண்ணையின்ர கண்ணாடியைப் போட்டுப் பாத்திட்டுக் குத்துங்கோ" என்றாள். வீட்டுக்கு வந்த மருமகள் முதன்முதலாகக் கேட்டது. அவரால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை.

ஆனைப்பாரின் முதுகில் ஆழம் குறைவு. அன்று தண்ணீர் கண்ணாடி போலத் தெளிந்திருந்தது. சம்மாட்டியார் ஒரு கையில் ஈட்டியோடு படகின் விளிம்பில் படுத்து, முகத்தை நீருக்குள் வைத்தார். அறுபது வருஷம் கடலில் உழைத்தவர். கடலுக்குள்ளே கண்ணைத் திறந்து பார்ப்பது அன்றுதான் முதல் தடவை. கிழவன் ஓடத் தெரியாதவன் என்று சொன்னேனே. பொந்தைவிட்டு வெளியே வந்தான். மெதுவாக, பாரமாக மேலே வந்து, கைக்கெட்டும் தூரத்தில் நின்றான். குத்தினால் தவறாது. நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஒன்றும் நடக்கவில்லை. சம்மாட்டியார் மூச்சுக்காகத் தலையைத் தூக்கினார், மறுபடி வைத்தார். மீண்டும் தூக்கினார், வைத்தார். நான்காம் முறை எழுந்து உட்கார்ந்தபோது ஈட்டியைப் படகின் அடியில் நீட்டிப் போட்டார். 

"உடம்பைப் பிழையா நெய்து போட்டான் உன்ர காஞ்சிபுரத்தான்" என்றார். "கண்ணை மட்டும் சரியா நெய்திருக்கிறான்."

நான் எஞ்சினை முடுக்கிப் படகை நேரே கரைக்குத் திருப்பினேன். அவர் என் தோளைப் பிடித்தார். "பாருக்கு மேலால விடாதை. சுத்திப் போ."

அதற்குப் பிறகு எங்கள் கரையில் வலை ஏற்றிய படகு எதுவும் ஆனைப்பாருக்கு மேலால் போனதில்லை. பலகை ஒன்றும் நாங்கள் நடவில்லை. சிலிண்டரோடு வருகிற வெள்ளைக்காரர்கள் ஈட்டியைக் கரையில் கொடுத்துவிட்டுத்தான் படகேற வேண்டும். அதைக் கேட்டு வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, அவர்கள் கிழவனைப் பார்த்துவிட்டுத் திரும்பும்வரை மணலில் உட்கார்ந்திருப்பவர் சம்மாட்டியார்.